கூடத்துச் சுவரில் இருக்கும் அந்தப் பிரெஞ்சுப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு நேர் எதிரே, பிரேம் போட்ட பழைய பிரெஞ்சுப் படம் ஒன்று தொங்குகிறது. அந்தி நேரம், ஒரு வயல், தலை குனிந்து நிற்கும் ஓர் ஆண், ஒரு பெண். 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறிய பிறகு ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம் சாமான்களை விற்றபோது தாத்தா வாங்கிவந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பாதி காபி குடிப்பதற்குள் அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவார்கள். இத்தனை வருடங்களில் புதிய கேள்வி அபூர்வம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன படம்? யார் வரைந்தது?

படத்தின் பெயர் 'ஆஞ்சலுஸ்'. வரைந்தவர் ழான் பிரான்சுவா மில்லே, பிரெஞ்சுக்காரர். 1857இல் தொடங்கி 1859இல் முடித்தார். கித்தானில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். அசல் 55.5 சென்டிமீட்டர் உயரமும் 66 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இவ்வளவு பேர் பெற்ற படம் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் என்று நினைப்போம். உண்மையில் இரு கைகளால் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான்.

மில்லேயா, மில்லெட்டா? தண்ணீரில் மிதக்கும் ஒஃபீலியாவை வரைந்தவர்தானே இவர்?

பிரெஞ்சில் கடைசி எழுத்தை உச்சரிப்பதில்லை. ஆகவே மில்லே. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் அந்த ஒஃபீலியாவை வரைந்தவர் ஜான் எவரெட் மில்லெய், இங்கிலாந்துக்காரர். இருவரும் ஒரே காலத்தவர்கள், பெயரின் ஒலியும் ஏறக்குறைய ஒன்று என்பதால் படித்தவர்களே குழம்புகிறார்கள்.

குழப்பம் அதோடு முடிவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இதே ழான் பிரான்சுவா மில்லே என்ற முழுப் பெயருடன் இயற்கைக் காட்சிகள் வரைந்த இன்னொருவரும் இருந்தார். அவரைப் பிரான்சிஸ்க் என்று அழைத்தார்கள். பழைய ஏலப் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்துத் துள்ளிக் குதிக்காமல் ஆண்டையும் பாருங்கள்.

ஏன் இப்படித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? வீட்டில் ஏதும் துக்கமா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். துக்கம் இல்லை, செபம். கத்தோலிக்கர்கள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் கோவில் மணி அடிக்கும்போது சொல்லும் சிறு செபம். இலத்தீனில் அது 'ஆஞ்சலுஸ் தோமினி' என்று தொடங்குகிறது. 'ஆண்டவருடைய தூதர்' என்று பொருள். முதல் சொல்லே செபத்துக்குப் பெயராகி, பிறகு அந்த மணிக்கும் பெயராகி, கடைசியில் இந்தப் படத்துக்கும் பெயராகிவிட்டது. நம் ஊர்க் கோவில்களில் மூவேளைச் செபம் என்கிறோம். எங்கள் பாட்டி திரிகால செபம் என்றுதான் சொல்வார். தூதர் என்ற சொல்லும் அவர் வாயில் வராது, சம்மனசுதான்.

மணி அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி, இடைவெளி, மறுபடி மூன்று, அதன்பின் விடாமல் ஒரு தொடர். முதல் மூன்று அடி விழுந்ததுமே பாட்டி அரிசி புடைப்பதை நிறுத்திவிடுவார். முறம் மடியிலேயே இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே இந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் துக்க வீடு போலத் தெரிகிறது.

மணியே படத்தில் இல்லையே?

அடிவானத்தைப் பாருங்கள். விரல்நகம் அளவுக்கு ஒரு கூம்புக் கோபுரம் தெரியும். பார்பிசோன் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாய்யி என்ற ஊரின் கோவில் அது. மணி அங்கிருந்து ஒலிக்கிறது. ஓவியன் காட்ட முடியாத ஒரே பொருள் ஓசை. மில்லே அதைக் காட்டுவதற்குச் செய்ததெல்லாம் இரண்டு பேரை வேலையின் நடுவே நிறுத்தியதுதான். கவைக்கோல் மண்ணில் குத்தியபடி நிற்கிறது. காலடியில் உருளைக்கிழங்குக் கூடை. பெண்ணுக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மூட்டைகள். எல்லாம் பாதியில் விட்ட வேலை. அவன் தொப்பியைக் கழற்றி இரு கைகளாலும் பிடித்திருக்கிறான். அவள் கைகளைக் குவித்து மார்போடு சேர்த்திருக்கிறாள்.

கோபுரம் முதலில் இருக்கவில்லை, பின்னால் சேர்த்தது என்றும், படத்துக்கு முதலில் உருளைக்கிழங்கு விளைச்சலுக்கான செபம் என்று பெயர் இருந்தது என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் கோபுரத்தை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை படத்தைப் பாருங்கள். உடனே அது வேறு படமாகிவிடுகிறது. துக்கமா என்று கேட்கிறவர்கள் கோபுரத்தைக் கவனிக்காதவர்கள் என்பது என் அனுபவம்.

இருவரும் கணவன் மனைவியா?

அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். படத்துக்குள் அதற்கு உறுதியும் இல்லை, மறுப்பும் இல்லை. முகங்கள் நிழலில் இருக்கின்றன. மில்லே வேண்டுமென்றே முகங்களைத் தெளிவாக்கவில்லை. வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, மண்ணில் இருட்டு இறங்கிவிட்டது, இவர்கள் மண்ணோடு சேர்ந்தவர்களாக இருட்டுக்குள் நிற்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது அசலா?

அசல் என்றால் நான் ஏன் இன்னும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறேன்? இது அச்சுப்படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்திலிருந்து உலகத்திலேயே மிக அதிகமாக அச்சிடப்பட்ட ஓவியங்களில் 'ஆஞ்சலுஸ்' ஒன்று. காலண்டர், பீங்கான் தட்டு, அஞ்சல் அட்டை, சுவர்த் துணி என்று அது ஏறாத பொருள் இல்லை. பிரெஞ்சுக் கிராமத்து வீடுகளில் நம் வீட்டு லட்சுமி படத்தைப் போல இது தொங்கியது. எங்களிடம் இருப்பது வண்ணக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து காகிதத்தில் பதிக்கும் பழைய முறையில், எடுத்தது.

அச்சா, கையால் வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டிலும் ஒரு பழைய படம் இருக்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடி போதும். நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது இன்னும் நல்லது. வானத்தின் வெளிறிய பகுதியைப் பாருங்கள். வரிசை தப்பாத புள்ளிகள், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று சின்னச் சின்ன வட்டங்களாக அடுக்கியிருந்தால் அது இருபதாம் நூற்றாண்டு இயந்திர அச்சு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் பழைய கல்லச்சு. புள்ளியே இல்லாமல் ஒரே நிறத்தில் மென்மையான துகளாகத் தெரிந்து, படத்தைச் சுற்றிக் காகிதத்தில் ஒரு செவ்வகப் பள்ளம் அமுங்கியிருந்தால், செப்புத் தகட்டிலிருந்து எடுத்த அச்சு.

ஏமாற்றக்கூடியது இன்னொன்று உண்டு. கல்லச்சுப் படத்தைத் துணியில் ஒட்டி, மேலே தூரிகைத் தடம்போல மேடுபள்ளம் அழுத்தி, வார்னிஷ் பூசிவிடுவார்கள். தூரத்திலிருந்து எண்ணெய் ஓவியம் போலவே மின்னும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேடுகள் ஒரு பக்கம் ஓடும், நிறங்கள் இன்னொரு பக்கம் ஓடும். கையால் தீட்டிய படத்தில் நிறம் மாறும் இடத்தில்தான் தூரிகையும் திரும்பியிருக்கும்.

இதையெல்லாம் தாண்டி உண்மையான எண்ணெய் வண்ணமாகவே இருந்தாலும் அது மில்லே கை பட்டதாகிவிடாது. பிரதி எடுப்பது ஓவிய மாணவர்களின் அன்றாடப் பயிற்சி. நல்ல நல்ல பிரதிகள் ஏராளம்.

மில்லே ஓர் ஏழை விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எங்கோ படித்தேன்.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை, இரண்டாம் பாதி சுத்தப் பொய். 1814 அக்டோபர் 4ஆம் தேதி நார்மண்டியில், கடலோரமாக இருக்கும் குருஷி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். சொந்த நிலத்தில் உழுது பிழைத்த குடும்பம், வீட்டுக்கு மூத்த மகன். அறுப்பு, தூற்றல், விதைப்பு எல்லாம் கையால் செய்து பழகியவர். ஆனால் ஊர்ப் பாதிரியார்களிடம் இலத்தீன் கற்றார், வர்ஜிலை மூலத்தில் படித்தார், பைபிளில் ஊறியவர். வீட்டில் புத்தகம் இருந்தது, படிப்பவர்களும் இருந்தார்கள்.

பக்கத்து நகரம் ஷெர்பூரில் ஓவியம் கற்கப் போனார். 1835இல் தந்தை இறந்ததும் ஏர் பிடிக்க ஊர் திரும்பினார். திரும்பிப் போய் வரையச் சொன்னவர் பாட்டி. பெயர் லூயிஸ் ழ்யுமெலேன். இந்தப் பாட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். ஷெர்பூர் நகராட்சி உதவித்தொகை தர, 1837இல் பாரிஸ் போய் பால் தெலரோஷ் என்ற புகழ்பெற்ற ஆசிரியரின் வகுப்பில் சேர்ந்தார். ரோமுக்கு அனுப்பும் பெரிய பரிசுப் போட்டியில் 1839இல் தோற்றார். உதவித்தொகையும் நின்றது.

ஆரம்பத்திலிருந்தே வயல் ஆட்களைத்தான் வரைந்தாரா?

இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு முதலில் ஷெர்பூர்ப் பிரமுகர்களின் உருவப்படங்கள். ஒரு கட்டத்தில் நிர்வாணப் பெண் உருவங்களும் நிறைய. 'ஆஞ்சலுஸ்' பக்தர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் படங்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன.

1841இல் பொலின் ஓனோ என்ற பெண்ணை மணந்தார். மூன்று வருடத்தில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய உருவப்படங்கள் சில எஞ்சியிருக்கின்றன. மில்லே பிறகு வரைந்த உழவர்களின் முகங்களைவிட அந்த வெளிறிய முகம்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறது. அதன்பின் கத்தரின் லெமேர் வாழ்க்கைத் துணையானார். ஒன்பது குழந்தைகள். 1848இல் பாரிசின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் வைத்த 'புடைப்பவன்' என்ற படத்திலிருந்துதான் வயல் அவருடைய பொருளாயிற்று. 1850இல் 'விதைப்பவன்', 1857இல் 'கதிர் பொறுக்கும் பெண்கள்', 1862இல் 'மண்வெட்டியுடன் ஒருவன்'.

பார்பிசோன் பார்பிசோன் என்கிறார்களே, அது ஊரா, பாணியா?

முதலில் ஊர். பாரிசுக்குத் தென்கிழக்கே, பொந்தேன்புளோ காட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரே தெருக் கிராமம். ஸ்டூடியோவுக்குள் அடைந்து கிடக்காமல் மரத்தையும் வானத்தையும் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று நினைத்தவர்கள் அங்கே கூடினார்கள். தியோடர் ரூஸோ அவர்களில் முக்கியமானவர், மில்லேயின் நெருங்கிய நண்பர். அதனால் பாணிக்கும் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. மில்லே 1849இல் பாரிசில் காலரா பரவியபோது குடும்பத்துடன் அங்கே போனார். கொஞ்ச நாள் தங்கத்தான் போனார், சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

இவ்வளவு பக்தியான படம் வரைந்தவர், ரொம்பக் கோவிலுக்குப் போகிறவராக இருந்திருப்பார் இல்லையா?

இல்லை. வழக்கமாகப் பூசைக்குப் போகிறவர் அல்ல. கத்தரினுடன் பல வருடங்கள் திருமணம் இல்லாமலேயே வாழ்ந்தார். 1853இல் பதிவுத் திருமணம். கோவில் திருமணம் 1875 ஜனவரியில்தான், அதுவும் மரணப் படுக்கையில். அந்த மாதமே 20ஆம் தேதி இறந்துபோனார். ஷாய்யி கல்லறையில் ரூஸோவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அப்படியானால் இந்தப் படம் எங்கிருந்து வந்தது? 1865இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்: வயலில் வேலை செய்யும்போது மணி ஓசை கேட்டால், பாட்டி ஒருமுறைகூடத் தவறாமல் எல்லோரையும் நிறுத்தி, பாவம், இறந்துபோனவர்களுக்காகச் செபம் சொல்ல வைப்பாராம். அதை நினைத்துத்தான் வரைந்தாராம். முன்னே சொன்ன அதே பாட்டி. அவர் 1851இல் இறந்தார், அம்மா 1853இல். இரண்டு சாவுக்கும் மில்லே ஊரில் இல்லை. சில வருடம் கழித்து இந்தப் படத்தைத் தொடங்குகிறார். ஆகவே இதைப் பக்திப் படம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நினைவுப் படம் என்பேன். பாட்டி படத்தில் இல்லை, ஆனால் அவர் சொல்லைக் கேட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏழைகளை வரைந்ததால் இவரை இடதுசாரி என்று சொல்லலாமா?

அந்தக் காலத்திலேயே அப்படித்தான் பயந்தார்கள். பிரான்சில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி முடிந்து பத்து வருடம் ஆகவில்லை. அறுத்த வயலில் சிந்திய கதிரை மூன்று பெண்கள் குனிந்து பொறுக்கும் படத்தைப் பார்த்து, பாரிஸ் விமர்சகர்கள் சிலருக்கு அடுத்த கலகம் கண்ணில் தெரிந்தது. 'மண்வெட்டியுடன் ஒருவன்' 1863இல் காட்சிக்கு வந்தபோது இன்னும் மோசம், மனிதனை மிருகம்போல் காட்டிவிட்டார் என்றார்கள். மில்லே கட்சி எதிலும் சேரவில்லை. தனக்குத் தெரிந்ததை வரைந்தேன் என்பதே அவர் நிலை. வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டம் 'ஆஞ்சலுஸ்' படத்தைப் பார்த்து, அடங்கி ஒடுங்கிய நல்ல ஏழைகள் என்று மகிழ்ந்தது. படம் மாறவில்லை, இடுப்பு வளைந்ததற்கும் தலை குனிந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கோடிக்கணக்கில் விலை போனதாமே?

இந்தக் கதை கொஞ்சம் நீளம். படத்தை வரையச் சொன்னவர் பாஸ்டனைச் சேர்ந்த தாமஸ் கோல்ட் ஆப்பிள்டன் என்ற அமெரிக்கர். படம் முடிந்தது, அவர் வாங்கிக்கொள்ள வரவில்லை. 1860இல் பெல்ஜியம் ஓவியர் ஒருவருக்கு 1,000 பிராங்குக்குப் போனது. அதன்பின் கைமாறக் கைமாற விலை ஏறி, 1881இல் செக்ரேத்தான் என்ற தொழிலதிபர் 1,60,000 பிராங்கு கொடுத்து வாங்கினார். அவர் செம்பு வியாபாரி. உலகச் சந்தையில் செம்பை வளைத்துப் போட முயன்று 1889இல் திவாலானார். சேகரித்த ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன.

1889 ஜூலை 1. ஒரு பக்கம் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்காக முன்னாள் கலைத்துறை அமைச்சர் அந்தோனேன் புருஸ்த், மறுபக்கம் அமெரிக்க ஆர்ட் அசோசியேஷன். விலை ஏறிக்கொண்டே போய் 5,53,000 பிராங்கில் புருஸ்த் பக்கம் முடிந்தது. கைதட்டல், தேசப்பற்று, எல்லாம். ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. படம் அமெரிக்கர்களுக்குப் போய், கப்பல் ஏறி, ஊர் ஊராகக் காட்சிக்குச் சுற்றியது. 1890இல் பாரிசில் பெரிய பல்பொருள் கடை நடத்திய அல்பிரெட் ஷொஷார் ஏறத்தாழ ஏழரை லட்சம் பிராங்கு கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். 1909இல் அவர் இறந்தபோது அரசுக்கு எழுதி வைத்தார். இப்படி, விலைக்கு வாங்கத் தயங்கிய படம் சும்மாவே லூவ்ருக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பணத்தில் மில்லே குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

ஒன்றும் இல்லை. ஏலத்துக்குப் பதினான்கு வருடம் முன்பே அவர் போய்விட்டார். முதல் விற்பனைக்குப் பிறகு ஓவியனுக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது, அன்றைய சட்டம் அப்படி. இந்த அநியாயத்தைச் சொல்லிப் பலர் போராடினார்கள். மில்லேயின் பெயர் அந்தப் பேச்சில் அடிக்கடி வந்தது. 1920இல் பிரான்ஸ் உலகத்திலேயே முதலாவதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஓவியம் மறுபடி ஏலத்தில் விற்கும்போதெல்லாம் ஓவியனுக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு.

ஆனால் மில்லே கடைசிவரை பட்டினியாகக் கிடந்தார் என்பதும் மிகை. 1850களில் கடன், விறகுக்குக்கூடத் தட்டுப்பாடு, உண்மைதான். 1860இல் மாதம் 1,000 பிராங்கு தரும் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது. 1867 உலகக் கண்காட்சியில் அவர் படங்களுக்குத் தனி மரியாதை, அடுத்த ஆண்டு லெஜியோன் தொனர் விருது. நண்பர் அல்பிரெட் சான்சியே எழுதி 1881இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு வறுமையையும் பக்தியையும் ஒரு கை கூடுதலாகவே போட்டது. மேலே 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று கேட்டவர் படித்ததும் அந்த வழியில் வந்த கதையாகத்தான் இருக்கும்.

கூடை இருக்கும் இடத்தில் முதலில் ஒரு குழந்தையின் சவப்பெட்டி இருந்ததாமே? யூடியூபில் பார்த்தேன்.

இந்தக் கேள்விக்கு மூலவர் ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் டாலி. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இந்தப் படத்தின் அச்சு ஒன்று தொங்கியது. அது அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. 1930களில் இந்த இரண்டு உருவங்களையும் மறுபடி மறுபடி தன் ஓவியங்களுக்குள் கொண்டுவந்தார், இடிந்த கோபுரங்கள்போல ஆளுயரத்தைத் தாண்டி. ஒரு நூலும் எழுதினார். போர்க் காலத்தில் கையெழுத்துப் பிரதி தொலைந்து, பல வருடம் கழித்துக் கிடைத்து, 1963இல் அச்சானது. அவர் கருத்துப்படி அந்தப் பெண் இரையைப் பிடிக்கக் காத்திருக்கும் கும்பிடுபூச்சி. ஆணின் தொப்பிக்கும் ஓர் அர்த்தம் சொல்கிறார், குடும்பப் பக்கத்தில் அதை எழுத முடியாது.

இருவரும் புதைத்த குழந்தைக்காக அழுகிறார்கள் என்றும் டாலி நம்பினார். அவர் தூண்டுதலில் லூவ்ர் ஆய்வகம் எக்ஸ்ரே எடுத்தது. கூடை அருகே, வண்ணத்துக்கு அடியில், பெட்டிபோன்ற ஒரு வடிவம் தெரிந்தது. அவ்வளவுதான் உறுதி. பெட்டி வடிவம் என்பது ஒன்று, சவப்பெட்டி என்பது வேறு. ஓவியர்கள் வரைந்ததை மாற்றி மேலே வரைவது தினசரி நடப்பது. மில்லேயின் சொந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்று மேலே பார்த்தோம். அதில் இறந்தவர்களுக்காகச் செபம் உண்டு, சவப்பெட்டி இல்லை. ஆனாலும் டாலியை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். 'வீட்டில் துக்கமா' என்று எங்கள் கூடத்தில் கேட்கும் அத்தைகளுக்கும் அவருக்கும் கண் ஒன்றுதான்.

வான் கோ இவரைப் பார்த்துக் காப்பியடித்தாராமே?

ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. ஓவியனாவது என்று முடிவெடுத்த 1880இல் அவர் போட்ட ஆரம்பப் படங்களில் ஒன்று 'ஆஞ்சலுஸ்' பார்த்து வரைந்த கோட்டோவியம். 1889, 1890இல் செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மில்லே படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளை வைத்துக்கொண்டு இருபதுக்கு மேற்பட்டவற்றைத் தன் நிறத்தில் தீட்டினார். ஒரு பாட்டைத் தன் குரலில் பாடிப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசலைக் கத்தியால் கிழித்துவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1932இல் லூவ்ரில், மனநிலை பிறழ்ந்த ஒருவர் செய்தது. சீர்செய்துவிட்டார்கள்.

எங்கள் படத்தில் மூலையில் 'ஜே. எப். மில்லே' என்று கையெழுத்தே இருக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்?

அச்சுப்படத்தில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். முன்னே சொன்ன கண்ணாடியை அந்தக் கையெழுத்தின்மேல் வையுங்கள், அங்கேயும் புள்ளி தெரியும். பழைய அச்சுக்குப் பெரிய விலை இல்லை, சில சமயம் பிரேமுக்குத்தான் விலை. எண்ணெய் வண்ணம் என்றாலும் கையெழுத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கையெழுத்து போடுவது மரம் வரைவதைவிட எளிது.

மில்லேயின் சொந்தப் பேரனே இதற்குச் சாட்சி. ழான் ஷார்ல் மில்லே என்ற அவர், கஸோ என்பவரை வரைய வைத்துத் தாத்தா பெயரில் போலிகளை விற்று, 1930களில் பிடிபட்டுத் தண்டனை பெற்றார். வாங்கியவர்கள் குடும்ப வாரிசே கொடுக்கிறார் என்று நம்பினார்கள். தாத்தா படம் லட்சங்களில் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, மேலே சொன்ன 1920 சட்டம் போதவில்லைபோலும்.

உங்கள் படத்தில் குறுக்கே பழுப்புக் கோடுகள் தெரிகின்றனவே, அது என்ன?

நல்ல கண். பின்னால் பலகை வைத்து அடைத்திருந்ததன் அடையாளம். மரத்திலிருந்து வெளிவரும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். பலகையின் ரேகையும் இரண்டு பலகைகள் சேரும் இடுக்கும் அப்படியே படத்தில் இறங்கிவிடும். எங்கள் படத்தில் வானத்தின் நடுவே ஒரு கோடும், பெண்ணின் முந்தானைத் துணிக்கு, அதாவது ஏப்ரனுக்கு, மேலே ஒரு கணுவின் வட்டமும் இருக்கின்றன. இதைப் பார்த்துச் சூரியன் என்று ஒருவர் சாதித்தார்.

சரிசெய்யக் கொண்டுபோன ஒரு பிரேம் கடையில் என்னைக் கேட்காமலேயே ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்த ஓரத்தில்தான் அச்சிட்டவரின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து இதன் வயதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உங்களுக்குச் சொல்வது இதுதான்: வெட்டக் கூடாது, பசை வைத்து ஒட்டக் கூடாது என்று சொல்லி, பக்கத்தில் நின்று வேலை வாங்குங்கள். பின்னால் அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓர் அட்டை விளிம்பு, சுவருக்கும் பிரேமுக்கும் இடையே காற்றுப் போக இரண்டு தக்கைத் துண்டு. கடலோர ஊரில் ஈரம் சுவர் வழியாக வரும், ராமபாணப் பூச்சியும் அதே வழியில் வரும்.

அசலை எங்கே பார்க்கலாம்?

பாரிஸ், ஓர்சே அருங்காட்சியகம். பழைய ரயில் நிலையம், 1986இலிருந்து அருங்காட்சியகம். லூவ்ரில் இருந்த படம் அப்போதுதான் இங்கே வந்தது. திங்கட்கிழமை விடுமுறை. படம் சில சமயம் வெளியூர் போகும். 2025இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு இரவலாகப் போயிருந்தது, ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பார்பிசோனில் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம்.

மணி நின்றதும் அடுத்து என்ன செய்வார்கள்?

இதைக் கேட்டவள் அடுத்த வீட்டு ஏழு வயதுப் பெண். இத்தனை வருடத்தில் வந்த ஒரே புதுக் கேள்வி. அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்வான். கூடையில் இருக்கும் கிழங்கை மூட்டையில் கொட்டுவார்கள். கவைக்கோலைப் பிடுங்கி மண்ணைத் தட்டி வண்டியில் போடுவார்கள். பிறகு அவன் வண்டியைத் தள்ள, அவள் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள். "இருட்டிவிடுமே" என்றாள். வழி தெரிந்தவர்கள்தானே என்றேன்.